பக்கத்துத் தெரு ரேஷன் கடை

பன்னிரண்டாயிரம் ரூபாய். சத்யப்ரியா கம்மலை அடகு வைத்துக் கொடுத்த அந்தப் பணத்தைப் புருஷன் திருமலை திருப்பித் தரவில்லை. அதனால் சொந்த ஊரான கல்லாவியில் இருந்த அவள், ஓசூரில் கம்பெனி வேலை பார்த்த அவனுடைய போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

ரேஷன் கார்டு அவளிடம் இருந்தது; அதில் பதிந்த போன் நம்பர் அவனுடையது. அரிசி வாங்கியதாக மாதாமாதம் மெசேஜ் வந்தால், வீட்டில் அடுப்பு எரிகிறது என்று நிம்மதியாவான். இந்த மாதம் மெசேஜே வரவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தவித்துக்கொண்டிருந்தபோது, மாதக் கடைசியில் வந்தது. வாங்கிய கடை, அவன் ரூமுக்குப் பக்கத்துத் தெரு!

"எவனோ கார்டத் திருடிட்டான்!" என்று ஓடினான்.

"என் கார்டுல யாருங்க அரிசி வாங்குனது?" என்று கடைக்காரரிடம் பாய்ந்தான்.

"எந்த ஊர் கார்டா இருந்தாலும் கைரேகை வெச்சாதான்பா அரிசி. தோ, மூட்டையோட நிக்கறாங்க பாரு."

சத்யப்ரியா நின்றிருந்தாள்.

"தெரு தெரியும், ரூமு தெரியல. போன் போட்டுக் கேக்க எனக்கு ரோசம். மெசேஜ் வந்தா ஓடியாருவன்னுதான் இங்க வாங்குனேன்."

"அந்தப் பணம்..."

"தலைய சுத்தி வீசிட்டேன். மூட்டையத் தூக்குய்யா, ஒலை வெக்கணும்."