டமாரத்தின் புது வண்டி

"குடி கெட்டுது மச்சான்! டமாரம் வண்டியை மாத்தப் போகுதாம்!"

நான் சொன்னதும் மச்சான் நாற்காலியில இருந்து எந்திரிக்கப் பார்த்தார். முடியலை. முழங்காலுக்குள்ள தகடு வச்ச மனுஷன், நினைச்ச உடனே எந்திரிக்க முடியுமா?

நானும் என் அக்கா வீட்டுக்காரரும் ஒரே குடோன் வாசல்ல செக்யூரிட்டி. உள்ளே போற லாரிக்கு நான், வெளியே வர்ற லாரிக்கு அவர். காலையில எட்டு மணியில இருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நிக்கணும். டூட்டியில உட்கார்ந்தா வேலை காலி. புது மேனேஜர் போட்ட சட்டம் அது. பக்கத்து குடோன்ல ஏற்கெனவே ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு.

மச்சானால ஒரு மணி நேரம்கூட சேர்ந்தாப்புல நிக்க முடியாது. அதனால கேபினுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒளிச்சு வச்சிருந்தோம். லாரி இல்லாத நேரத்துல எடுத்துப் போட்டு உட்காருவார்.

எங்களைச் செக் பண்ண வர்ற சூப்பர்வைசருக்குத்தான் டமாரம்னு பேர். நான் வச்ச பேர்தான். அவர் பைக் அப்படி. இருபது வருஷத்துப் பழசு. மெயின் ரோட்டுல திரும்பும்போதே 'டபடபடப'ன்னு ஊரைக் கூட்டும். சத்தம் கேட்டதும் மச்சானைக் கைகொடுத்துத் தூக்குவேன். நாற்காலி கேபினுக்குப் பின்னாடி போயிடும். அவர் வந்து சேரும்போது ரெண்டு பேரும் விறைப்பா நிப்போம். 'இருவரும் நின்றபடி பணியில்'னு நோட்டுல எழுதிக்கிட்டுப் போவார்.

"இப்படி ஒரு ஏமாளியை நான் பார்த்ததே இல்லை மச்சான்"னு தினமும் சிரிப்பேன்.

இப்போ மேனேஜருக்கு மூக்குல வேர்த்துடுச்சு. "உங்க வண்டி சத்தத்துக்குத் தூங்கறவன்கூட முழிச்சுக்குவான். கம்பெனியே பேட்டரி பைக் வாங்கித் தருது. திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க"ன்னு டமாரத்துக்கிட்ட சொல்லிட்டாராம்.

"அதுல சத்தமே வராதாமே மாப்ளே?" மச்சான் முழங்காலைத் தடவிக்கிட்டார். "உங்க அக்காகிட்ட நான் என்னன்னு சொல்வேன்? இந்தக் காலை வச்சுக்கிட்டுப் போனா வேற யாரு வேலை தருவாங்க?"

"நீங்க கவலைப்படாதீங்க. அந்த ஆளைப் பேசியே கவுத்துடறேன்."

வாய்ப்பும் தானா வந்துச்சு. நான் மெக்கானிக் ஷாப்ல இருந்தவன்னு டமாரத்துக்குத் தெரியும். "பழசையே ஓட்டறதா, புதுசுக்கு மாறறதான்னு ஒரே குழப்பமா இருக்குய்யா. ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குக் கூட வாயேன்"னு அவரே கூப்பிட்டார்.

ஷோரூம்ல சேல்ஸ்மேன் வண்டியைத் துடைச்சுக்கிட்டே அளந்துவிட்டார். "ஒரு சார்ஜுக்கு நூத்தம்பது கிலோமீட்டர் சார். செல்போனோட இணைச்சுக்கலாம். ரிவர்ஸ்கூட போகும்."

நான் விடுவேனா? "மழைத் தண்ணியில நின்னா வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டுதான் சார் போகணும். உங்க பழைய வண்டி இரும்பு சார், இரும்பு! இது என்ன, வெறும் பிளாஸ்டிக்!"

சேல்ஸ்மேன் என்னை எரிச்சுடற மாதிரி பார்த்தார்.

டமாரம் ரெண்டு பேர் பேச்சையும் காதுல போட்டுக்கலை. கேட்டது ஒரே கேள்விதான்.

"ஹாரன் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?"

சேல்ஸ்மேன் முழிச்சார். "நல்லாவே கேட்கும் சார்..."

"நல்லான்னா? தெருமுனையில போய் அடிங்க. நான் இங்கே நின்னு கேட்கறேன்."

பாவம், அந்த ஆளும் வெயில்ல வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் அடிச்சார். டமாரம் திருப்தியா தலையை ஆட்டினார். "சரி, இதையே இன்னிக்கே எடுத்துக்கலாம்."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். பிரேக்கைக் கேட்கலை, பேட்டரியைக் கேட்கலை. ஹாரனைக் கேட்டு வண்டி வாங்கற மனுஷனை என்னன்னு சொல்றது?

மறுநாள் வேலைக்கு வந்ததும் "இன்னிக்கு மட்டும் உட்காராதீங்க மச்சான்"னு கெஞ்சினேன். பதினொரு மணி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் கால் வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. எனக்கே பொறுக்கலை. நானே நாற்காலியை எடுத்துப் போட்டுட்டு ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன். பார்த்து என்ன பிரயோஜனம்? வளைவு வாசலை ஒட்டி இருக்கு. வண்டி கண்ணுல படும்போது ஆள் வாசலுக்கே வந்துடுவார்.

"பாம்... பாம்... பாஆஆம்!"

மெயின் ரோட்டுப் பக்கம் இருந்து விடாம ஹாரன்.

"ஏதோ லாரி போல"ன்னார் மச்சான்.

"லாரி இல்லை. நேத்து ஷோரூம்ல கேட்ட அதே ஹாரன். எந்திரிங்க, எந்திரிங்க!"

கைகொடுத்துத் தூக்கினேன். நாற்காலியைப் பின்னாடி தள்ளினேன். மச்சான் தொப்பியை மாட்டி நிமிரவும், டமாரம் சத்தமில்லாம வாசல்ல வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு.

எங்களைப் பார்த்தார். நோட்டை எடுத்தார். 'இருவரும் நின்றபடி பணியில்.'

போன உயிர் திரும்பி வந்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன சார், ஈ காக்கா இல்லாத ரோட்டுல யாருக்கு சார் இவ்வளவு ஹாரன்?"

அவர் நோட்டை மூடிப் பையில வச்சார். கேபின் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நாற்காலிக் கால் ஒண்ணு வெளியே தெரியுது. நல்லா உள்ளே தள்ளி வை."

மச்சான் கேட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

டமாரம் ஹெல்மெட்டை மாட்டினார். "உட்கார்ந்திருக்கறதைக் கண்ணால பார்த்தா எழுதித்தான்யா ஆகணும். பொய் எழுத எனக்கு வராது. பழைய வண்டி தானா சொல்லிக்கிட்டு வந்துச்சு. இதுல நான்தானே சொல்லணும்?"

வண்டியை நகர்த்தினவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"உன் மச்சான் எந்திரிக்க அரை நிமிஷம் ஆகுதில்ல?"