திரைக்கு அடியில் ஒரு தாதா

ஒரு சினிமா கொட்டகையில், திரைக்கு அடியில், ஒரு பெருச்சாளிக் குடும்பம் இருந்தது. மூத்தவன் பெயர் வேலப்பன், தம்பி பெயர் குழந்தைசாமி. அங்கே ஒரு தாதா படம் ஐம்பது நாள் ஓடியது. வேலப்பன் ஒரு காட்சி விடாமல் பார்த்தான்.

அதன் பிறகு அவன் அந்தத் தாதாவைப் போலவே மெதுவாகப் பேசத் தொடங்கினான். நாற்காலிகளுக்கு அடியில் சிந்தும் பாப்கார்ன் முழுவதும் முதலில் தன்னிடம்தான் வரவேண்டும் என்றான். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றும் சொன்னான்.

ஒருநாள் பசி தாங்காமல் குழந்தைசாமி கேட்காமலே கொஞ்சம் தின்றுவிட்டான். வேலப்பன் அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, கேன்டீன் பக்கம் போய்வரச் சொன்னான். அங்கே பூனை இருப்பது வேலப்பனுக்குத் தெரியும். தம்பி திரும்பவில்லை.

மறுநாள் வேலப்பன் தம்பி மனைவி அன்னக்கொடியின் முன்னால் வந்து நின்றான். "குடும்பத்துக்கு மேல எனக்கு எதுவும் கிடையாதும்மா" என்றான். கண் கலங்கியிருந்தது.

"படத்துல தம்பி செத்த பிறகு தம்பி பொண்டாட்டி என்ன பண்ணுவா, மாமா?" என்று அவள் கேட்டாள்.

வேலப்பன் படம் முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். "அவளைக் காட்டலையேம்மா. அண்ணன் அழுவான். அதுக்கு ஒரு பாட்டு இருக்கு."

அன்னக்கொடி நான்கு குட்டிகளையும் எதிரே இருந்த மாவு மில்லுக்குக் கிளப்பினாள். மூத்த குட்டி மட்டும் நகரவில்லை. "நான் இங்கயே இருந்து அப்பாவுக்காகப் பழிவாங்கணும்மா" என்றது.

அவள் அதன் காதைக் கவ்வி வாசல்வரை இழுத்து வந்து விட்டாள்.

"முதல்ல தங்கச்சியை ரோடு தாண்ட வை" என்றாள்.