டோர்கிலின் காபிக் கோப்பை

காற்றாலை இறக்கைகளுக்குப் பசை தயாரிக்கும் அந்த டென்மார்க் ஆய்வகத்தில், தலைவர் டோர்கிலின் காபிக் கோப்பையை யாரோ மேசையோடு ஒட்டிவிட்டார்கள். கத்தி, சுத்தியல், கெட்ட வார்த்தை, எதற்கும் அது மசியவில்லை.

"எவன் பாத்த வேலை இது? தெரியட்டும், வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கேக் அவன் செலவு!"

அங்கே ஆய்வாளராக இருந்த ரக்னா எட்டிப் பார்த்தாள். ஒட்டிய பிறகு பிரிக்கவும் முடிகிற பசையை உருவாக்க அவள் மூன்று முறை அனுமதி கேட்டிருந்தாள். "ஒட்டினதை எந்தக் கிறுக்கன் பிரிப்பான்?" என்று மூன்று முறையும் டோர்கில் விரட்டியிருந்தார்.

"நான் வேணா பாக்கட்டுமா, டோர்கில்?"

கேண்டீனிலிருந்து சூடான வினிகர் கொண்டுவந்து கோப்பையைச் சுற்றி ஊற்றினாள். மதியச் சாப்பாட்டுக்குள் கோப்பை அலுங்காமல் கையில் வந்தது. மேசையில் ஒரு கீறல்கூட இல்லை.

டோர்கில் அசந்துபோனார். "பிரிக்கிறதுக்கும் ஒரு தேவை இருக்குதான்மா. கொண்டா உன் அனுமதிக் காகிதத்தை!"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"இரு, இரு. நம்ம பசையை வருஷக்கணக்கா வினிகர்ல ஊறப் போட்டாலும் அசையாதே. அப்ப இதுக்கு அடியில இருந்தது யாரோட பசை?"

ரக்னா காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு சாக்லேட் கேக் போதுமா?"