கெளுத்தி முள்

பாபநாசத்துக்கு மேலே, யானைப்பாறை ஓடையில் மீன் அற்றுப்போய் வெகுகாலம். கல்லில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைச் சுத்தம் செய்தவை இயந்திரக் கெளுத்திகள்தான். வேலையாட்களின் கை புண்ணாகும் என்று முள் வைக்காமல் செய்தவை. உயிரில்லாத ஓடை என்று முடிவுகட்டி, நாளை அதைக் குழாயில் அடைக்கப்போகிறார்கள். இயந்திரங்களைப் பொறுக்கிக் கூடையில் போட வந்திருந்தார்கள் முப்பிடாதியும் அவள் புருஷன் இசக்கிராசுவும்.

கல்லடியில் கைவிட்ட முப்பிடாதி வீலென்று அலறினாள். விரலில் ரத்தம். வலி தோள்வரை சுண்டி இழுத்தது.

“ஏங்க, கெளுத்தி முள்ளு குத்திட்டு!”

“மெஷினுக்கு ஏதுட்டி முள்ளு? கம்பி கிம்பி நீட்டிட்டு இருக்கும்” என்று இசக்கிராசும் அதே கல்லடியில் கையை விட்டான்.

“எம்மா!” என்று அவன் போட்ட சத்தத்தில் மரத்துக் குரங்குகள் சிதறி ஓடின. முப்பிடாதி கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

மறுநாள் குழாய் லாரி மலையேறி வந்தபோது, தேர்தலில் ஜெயித்தவர்களைப் போல இருவரும் வீங்கிய கைகளை உயர்த்திக்கொண்டு பாதையை மறித்து நின்றார்கள்.

“என்னய்யா கை இப்படி வீங்கியிருக்கு?” என்றார் இறங்கி வந்த அதிகாரி.

“கெளுத்தி குத்திட்டு சார். உயிரு போகுது” என்றான் இசக்கிராசு.

“போகல சார், திரும்பி வந்திருக்கு” என்றாள் முப்பிடாதி. “லாரியத் திருப்புங்க.”