ஞாயிறு ஆறு மணி

தொலைக்காட்சியில் தலைக்கவசம் போட்ட தடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். சிவகௌரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து பெண் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த குகதாசனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு அமெரிக்கன் ஃபுட்போல் எண்டா உயிர். ஞாயிறு ஆறு மணிக்கு டிவியைப் போட்டுவிடுங்கோ" என்று தரகர் பரமேஸ்வரன் சொல்லியிருந்தார்.

"நாலு தரத்துக்குள்ள பத்து யார்ட் தூரம் போகவேணும்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"ஓம், ஓம்" என்றான். பிறகு மெதுவாக, "ஏன் இப்ப நிப்பாட்டினவை?"

"உங்களுக்குத் தெரியாதோ?"

அவனுக்கு வியர்த்தது. "கோவிக்காதேங்கோ. எனக்கு இது ஒரு மண்ணும் விளங்காது. உங்களுக்கு இதில விசர் எண்டு தரகர் சொன்னவர். ரெண்டு கிழமையாப் புத்தகம் பாத்தனான்."

"எனக்கோ? உங்களுக்கெண்டெல்லோ சொன்னவர்!"

இருவரும் குழம்பிப்போய்த் திரும்பினார்கள். பின் கதிரையில் தரகர், ஆறிப்போன தேநீருடன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தார்.

"பிள்ளையள், தலையைக் கொஞ்சம் விலத்துங்கோ. வீட்டில மனிசி ஒருநாளும் பாக்க விடாள்."

சிவகௌரி தலையை விலத்தினாள், குகதாசன் பக்கமாக.