ரவுட்டர் விட்டுக்கொடுத்த வேலை

கனகவல்லி வீட்டு இணையத்துக்கு ஆறு வருடமாக ரவுட்டர்தான் வாசலும் காவலும். அன்று காலை, வேண்டாதவர்களைத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி ஒன்று புதிதாக அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

பதினொரு மணிக்குக் கனகவல்லிக்கு வீடியோவில் வேலை நேர்காணல். அவள் அழைத்தாள். நேர்காணல் எடுக்கும் அதிகாரியின் பதிலை வாசலில் நிறுத்தி இரண்டு பெட்டிகளும் மாறிமாறி விசாரித்தன. திரை அசையவில்லை. அவள் மறுபடி மறுபடி அழைத்தாள்.

ரவுட்டர் அதைப் பார்த்தது. "தம்பி, இனி காவல் உன்னுடையது. நான் வழியாக மட்டும் இருந்துகொள்கிறேன்" என்றது.

"யாரை உள்ளே விடுவதென்று எனக்குத் தெரியாதே அண்ணே?" என்றது ஃபயர்வால்.

"அவள் கூப்பிட்டவர்களை விடு. மற்றவர்களை நிறுத்து."

திரையில் அதிகாரியின் முகம் தெரிந்தது. கனகவல்லி நிதானமாகப் பேசத் தொடங்கினாள். நடுவில் யாரோ முன்பின் தெரியாதவர் வாசலைத் தட்டினார். ஃபயர்வால் திறக்கவில்லை. யாரென்று ரவுட்டர் கேட்கவுமில்லை.