இரும்பு விலை

பின்னால் கேட்ட ஹாரன் தங்கப்பாண்டிக்குத் தெரிந்த ஹாரன்.

மாட்டுவண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடப்போகிறான் என்று ஊர் காலியாகத் தொடங்கி ஐந்து நாளாகிறது. ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. ராயபுரம் கடற்கரைச் சாலை முழுக்க வண்டிகளும் மனிதர்களும்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது அவருடைய கார்.

மூன்று நாளுக்கு முன்புவரை அவருடையது.

தன் நாட்டுக்குத் திரும்பிய கப்பல் கேப்டன் ஒருவனிடம் வாங்கியது. அந்த மாடல் சென்னையில் வேறு எவரிடமும் இல்லை. பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் பெங்களூர்க்காரர் போன வருஷம் மூவாயிரம் வரை கேட்டும் தங்கப்பாண்டி கொடுக்கவில்லை.

பத்து வருஷமாக அதற்கு மெக்கானிக் நீலமேகம்தான். திருவொற்றியூரில் கொட்டகை வைத்திருந்தான். கார் விஷயத்தில் அவன் சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை.

"இஞ்சின் பூட்ச்சு மொதலாளி. செங்கல்பட்டுகூடத் தாண்டாது. இன்னிக்குக் கீற நெலமைல இரும்பு வெலைக்கு ஆள் கெடைச்சாலே பெரிசு."

ஊரே ஓடும்போது எதற்குத்தான் விலை இருக்கிறது என்று அவரும் நம்பினார். பெரம்பூரில் தெரிந்த காயலான் கடைக்காரர் கொடுத்ததாகச் சொல்லி, நீலமேகமே நூற்றைம்பது ரூபாயைக் கொண்டுவந்து கையில் வைத்தான்.

கார் போனபின் இது எதற்கென்று, சேர்த்து வைத்திருந்த இரண்டு டின் பெட்ரோலையும் தங்கப்பாண்டி அவனிடமே தூக்கிக் கொடுத்தார்.

கார் மாட்டுவண்டியை உரசுவதுபோல் கடந்தது.

ஓட்டியவன் நீலமேகம். பின் சீட்டில் அவனுடைய அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு கோழிக்கூடை. முன்னால் அவன் மனைவி வேம்பு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி.

அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாலத்து மேட்டில் மாடுகள் நுரை தள்ளி நின்றுவிட்டன. கார் ஒரு செருமல்கூட இல்லாமல் ஏறி மறைந்தது.

அவர் மனைவி சுகிர்தம் வெள்ளிப் பாத்திரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"பத்து வருசம் நம்ம கையால கூலி வாங்குன பய, இப்படிக் கழுத்தறுத்துட்டுப் போறானே! நாம அவனுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?"



நாலு நாளுக்கு முன் நீலமேகம் தங்கப்பாண்டியின் கடைக்கு வந்து நின்றது அவளுக்குத் தெரியாது. வேம்புவுக்கு நிறைமாதம், அவளை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் திண்டிவனத்தில் அக்கா வீட்டில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டான். சீட் வேண்டாம், கீழே உட்கார்ந்து வருவாள் என்றான்.

சாமானுக்கே இடம் போதவில்லை என்றார் தங்கப்பாண்டி. பெட்டிகளை அடுக்க வசதியாகப் பின் சீட்டைக் கழற்றிக் கொடுக்கும்படி அவனிடமே சொன்னார்.

மறுநாள் சீட்டைக் கழற்ற வந்தபோதுதான், நீலமேகம் இன்ஜினைத் திறந்து பார்த்தான்.